மூத்தவனின் பெயர்



 இந்த வாரத் தியானத்தைத் தொடங்குமுன், நான் செய்த ஒரு பிழையை உங்கள் முன்னிலையில் திருத்திக்கொள்ள விரும்புகிறேன்.

தீக்காயம் பட்ட ஒரு சிறுவன் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஓட்டப்பந்தய வீரனான கதையை இந்தச் சபையின் பிரசங்க பீடத்திலிருந்து நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். உங்களில் பலருக்கு அது மனப்பாடமாகவே இருக்கும். பள்ளிக்கூட அடுப்பைப் பற்றவைக்கச் சென்ற சிறுவன் நெருப்பில் சிக்கினான். இவன் இனி நடக்கமாட்டான் என்று மருத்துவர் கைவிரித்தார். தாயின் அன்பினாலும் தன் விசுவாசத்தினாலும் அவன் எழுந்தான், நடந்தான், ஓடினான். ஒருநாள் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் உலகிலேயே வேகமாக ஒரு மைல் தூரத்தை ஓடி முடித்தான். வாலிபர் கூட்டத்திலும், தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளுக்கான ஜெபக் கூட்டத்திலும், விடுமுறை வேதாகமப் பள்ளியின் நிறைவு நாளிலும் இதைச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் நன்றாகவே எடுபட்டது.

சென்ற முறை சொல்லி முடித்து, வாசலில் நின்று கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் என்னிடம் வந்தார். பேரன் சொல்லித்தான் அவருக்குத் தெரியவந்ததாம். "ஐயா, அந்தப் பையனோட அண்ணனும் அதே தீயில செத்துப்போனானாமே. அந்தப் பிள்ளைக்காக அந்தத் தாய் ஜெபம்பண்ணலையா?" என்று கேட்டார். குற்றம் கண்டுபிடிக்கும் தொனி அதில் இல்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். அவர் தம்முடைய இரண்டு மகன்களில் ஒருவரை இளவயதிலேயே அடக்கம் செய்தவர். என் பதிலுக்குக் காத்துநின்றார். என்னிடம் பதில் இல்லை. அடுத்தவரின் கையைப் பற்றிக்கொண்டேன்.

அன்றிரவு நான் உறங்கவில்லை என்று எழுதினால் அது மிகை. ஆனால் மறுநாள் காலையில் அந்த வரலாற்றைத் தேடி எடுத்து, முதலிலிருந்து வாசித்தேன். வாசித்ததை இங்கே உங்களுக்குச் சொல்கிறேன்.

அந்தச் சிறுவனின் பெயர் கிளென் கன்னிங்காம். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் 1909 ஆகஸ்ட் 4 அன்று பிறந்தவர். அந்த மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் எல்க்ஹார்ட் என்னும் சிற்றூர் இருக்கிறது. கோதுமை வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும் சமவெளி அது. குளிர்காலத்தில் தடுப்பார் இல்லாமல் காற்று வீசும். அக்காலத்தில் அந்நாட்டின் கிராமப்புறப் பிள்ளைகள் பெரும்பாலும் ஓரறைப் பள்ளிகளிலேயே படித்தார்கள். நடுவில் ஒரு கணப்பு அடுப்பு இருக்கும். முதலில் வந்து சேரும் பிள்ளைகள் அதை மூட்டி, மற்றவர்கள் வருமுன் அறையைச் சூடாக்கி வைப்பது வழக்கம்.

1917ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் ஒரு காலை வேளை. கன்னிங்காம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். கிளெனுக்கு எட்டு வயதுகூட நிரம்பவில்லை. அவனுடைய மூத்த சகோதரன் ஃபிளாய்டுக்கு வயது 13. அடுப்பு மூட்டுவதற்காக மண்ணெண்ணெய் வைத்திருக்கும் தகரக் குவளையில் யாரோ தவறுதலாகப் பெட்ரோலை ஊற்றி வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு அது தெரியாது. மண்ணெண்ணெய் மெதுவாகப் பற்றும். பெட்ரோலோ ஆவியாகிப் பரவி, நெருப்பைக் கண்ட கணத்தில் வெடிக்கும். அப்படித்தான் நடந்தது. அண்ணன் தம்பி இருவர்மேலும் தீ பாய்ந்தது.

ஃபிளாய்டு சில நாட்களில் இறந்துபோனான்.

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் இத்தனை ஆண்டுகளாக விட்டுவிட்டேன். நான் கதையைக் கற்றுக்கொண்ட புத்தகத்தில் அது இல்லை என்று சாக்குச் சொல்லலாம். ஆனாலும் என் மனதை ஆராய்ந்து பார்க்கையில், இருந்திருந்தாலும் நான் அதைச் சொல்லியிருப்பேனா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. இரண்டு பிள்ளைகளில் ஒருவன் இறந்தான் என்று சொன்னால் சாட்சியின் வேகம் குறைந்துவிடும் அல்லவா? வாலிபர் கூட்டத்தில் கைதட்டலுக்கு நடுவே அந்தச் சவப்பெட்டியை எங்கே வைப்பது?

கிளெனின் நிலைமையைப் பாருங்கள். முழங்கால்களிலும் கணுக்கால்வரையுள்ள முன்கால்களிலும் சதை முழுவதும் வெந்துபோயிருந்தது. இடது பாதத்தின் விரல்கள் அத்தனையும் போயின. பாதத்தின் குறுக்கு வளைவு, அதாவது நாம் அடியெடுத்து வைக்கும்போது உடலின் எடையை வாங்கித் தரையை உந்தித் தள்ளும் அந்த வில் போன்ற அமைப்பு, ஏறக்குறைய அழிந்துவிட்டது. கால்களை வெட்டியெடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் ஆலோசனை கூறினார்கள்.

நம் கதைகளில் இந்த மருத்துவர்களை இரக்கமற்றவர்களாகவும் அவிசுவாசிகளாகவும் காட்டிவிடுகிறோம். அது நியாயமல்ல. பெனிசிலினை அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டறிந்தது 1928இல். அது மக்களுக்கு மருந்தாகக் கிடைத்தது அதற்கும் வெகுகாலம் கழித்தே. 1917இல் ஆழமான தீக்காயத்தில் சீழ் பிடித்து, நஞ்சு இரத்தத்தில் கலந்துவிட்டால் தடுக்க வழி இல்லை. காலைக் கொடுத்து உயிரைக் காப்பாற்றலாம் என்று ஒரு கிராமப்புற மருத்துவர் எண்ணினால் அது அக்காலத்து மருத்துவ அறிவுக்கு உட்பட்ட நேர்மையான எண்ணமே. அவருடைய அச்சம் வீணானதும் அல்ல. அந்த வீட்டிலேயே மூத்தவன் மாண்டுபோனான். ஆகையால், மருத்துவர் வேண்டாம் என்று சொன்ன பெற்றோரே விசுவாசிகள் என்று இதிலிருந்து ஒரு சட்டத்தை உண்டாக்கிக்கொண்டு, நாளைக்கு உங்கள் வீட்டு நோயாளியின் படுக்கையருகே அதைப் பயன்படுத்தாதீர்கள். கிளெனுடைய பெற்றோர் மறுத்ததற்குக் காரணம், கால்களை இழப்பதை நினைத்து அந்தச் சிறுவன் பட்ட வேதனையே. பிள்ளை கதறினான், பெற்றோர் அவனுக்கு இணங்கினார்கள். அவ்வளவுதான்.

கால்கள் மிஞ்சின. ஆனால் அவை உபயோகமற்றவையாய்க் கிடந்தன.

இனி வரும் பகுதியை நான் முன்பு ஒரே வரியில் கடந்துபோவேன்: "தாய் தினமும் கால்களைத் தேய்த்துவிட்டார்." ஆனால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அந்த ஒரு வரிக்குள் அடங்கியிருக்கின்றன. தீக்காயம் ஆறும்போது தழும்புத் தோல் சுருங்கும். சுருங்கச் சுருங்க அது மூட்டை இழுத்து மடக்கிப் பிடித்துக்கொள்ளும். நாள்தோறும் அதை நீவி, மடக்கி, நீட்டிக்கொண்டே இராவிட்டால் கால் மடங்கிய நிலையிலேயே கல்லாய் நின்றுவிடும். இன்று தீக்காயப் பிரிவுகளில் இதற்கென்றே பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர்கள் இருக்கிறார்கள். 1917இல் கன்சாஸின் அந்த மூலையில் அப்படி யாரும் இல்லை. ரோசா கன்னிங்காம் என்ற தாய் இருந்தார்.

அவர் அந்தக் கால்களைத் தேய்த்தார். பிள்ளை வலியால் துடித்திருப்பான், தேய்த்தார். வீட்டில் மற்றப் பிள்ளைகளும் இருந்தார்கள், அடுப்பு வேலை இருந்தது, துணி துவைப்பது இருந்தது, தண்ணீர் இறைப்பது இருந்தது, அவற்றுக்கிடையே தேய்த்தார். தகப்பனும் தன் பங்குக்குச் செய்தார். அந்த வீட்டில் அப்போது ஒரு படுக்கை காலியாக இருந்தது என்பதை மறவாதிருங்கள். அந்தத் தாய் இளையவனின் கால்களைத் தன் மடியில் எடுத்து வைத்தபோதெல்லாம், மூத்தவனுக்கு இதைச் செய்யும் வாய்ப்புத் தனக்குக் கிடைக்கவில்லை என்ற நினைவு அவர் கைகளுக்குள் இல்லாமலா இருந்திருக்கும்? துக்கம் தீர்ந்தபின் அவர் கடமைக்கு வரவில்லை. இரண்டையும் ஒரே கைகளால் செய்தார்.

நம் சபையிலும் இப்படிப்பட்ட கைகள் உண்டு. பக்கவாதத்தில் விழுந்த கணவருக்கு ஆறு ஆண்டுகளாக எண்ணெய் தேய்த்துவிடும் சகோதரியை நான் அறிவேன். கழுத்து நிற்காத மகளைத் தோளில் சாய்த்து வைத்துக்கொண்டே ஆராதனை முழுவதும் பாடும் தகப்பனை நீங்களும் அறிவீர்கள். அவர்கள் யாரையும் நாம் சாட்சி சொல்ல அழைத்ததில்லை. பிள்ளை எழுந்து நடந்த பிறகு அழைக்கலாம் என்று காத்திருக்கிறோம் போலும்.

1919ஆம் ஆண்டின் கோடைத் தொடக்கத்தில் கிளென் முதன்முறையாக நடக்க முயன்றான். விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கடந்திருந்தன. இங்கே ஒரு விந்தையான காரியம் வெளிப்பட்டது. பின்னாளில் அவரே சொன்னது இது: நடந்தால் பொறுக்கமுடியாத வலி, ஓடினாலோ வலி தெரியவில்லை. ஆகவே ஐந்தாறு ஆண்டுகள் அவர் எங்கே போனாலும் ஓடியே போனார். ஊக்கமூட்டும் புத்தகங்கள் எல்லாம் "முதலில் நின்றான், பிறகு நடந்தான், பிறகு ஓடினான்" என்று படிப்படியாக ஏணி கட்டும். இந்தப் பிள்ளைக்கு அந்த ஏணி தலைகீழாக இருந்தது. ஓட்டம் எளிதாயிற்று. நடைதான் கடினமாயிருந்தது.

அவருக்கு மிகவும் பிரியமான வேதவசனம் ஏசாயா 40:31. கர்த்தருக்குக் காத்திருப்போருக்குக் கிடைக்கும் புதுப் பெலனைப் பற்றிய வாக்குத்தத்தம் அது. நம் வீட்டுச் சுவர்களில், நாட்காட்டிகளில், திருமண அழைப்பிதழ்களில்கூட அதைப் பார்க்கிறோம். கழுகின் படம் போட்டே அச்சிடுவார்கள். ஆனால் வசனத்தின் வரிசையை நின்று கவனித்ததுண்டா? முதலில் பறத்தல் வருகிறது, அடுத்து ஓட்டம், கடைசியில் நடை. நாம் எழுதியிருந்தால் நடையில் தொடங்கிப் பறத்தலில் முடித்திருப்போம். தீர்க்கதரிசி ஏன் இறங்கு வரிசையில் சொல்கிறார் என்பதற்கு வேத அறிஞர்கள் பல விளக்கங்கள் தருகிறார்கள். பாபிலோனிலிருந்து எருசலேமுக்குத் திரும்பவேண்டிய சிறைப்பட்ட ஜனங்களுக்குப் பறத்தலைவிட நெடுந்தூர நடையே உண்மையான சோதனையாய் இருந்தது என்பது எனக்கு ஏற்புடைய விளக்கம். கிளென் கன்னிங்காமின் கால்களை நினைத்துக்கொண்டு வாசித்தபோது அது எனக்கு இன்னும் தெளிவாயிற்று. பந்தயத்தில் ஓடுவதற்குச் சில நிமிடங்களின் பெலன் போதும். மறுநாள் காலையில் எழுந்து, தழும்புகள் இழுக்கும் கால்களை ஊன்றி, படுக்கையிலிருந்து வாசல்வரை நடப்பதற்கு வேறொரு பெலன் தேவை. அந்தப் பெலனையே வசனம் கடைசிக்கென்று வைத்திருக்கிறது.

ஓட்டத்தின் கதை உங்களுக்குத் தெரிந்ததே. எண்களை மட்டும் சரியாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அவற்றிலும் நான் தவறு செய்திருக்கிறேன். எல்க்ஹார்ட் உயர்நிலைப் பள்ளியிலிருந்து அவர் கன்சாஸ் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1932ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் ஓட்டத்தில் நான்காவதாக வந்தார். 1933இல் அமெரிக்காவின் சிறந்த தொழில்முறை சாரா விளையாட்டு வீரருக்கான சல்லிவன் விருது அவருக்குக் கிடைத்தது. 1934 ஜூன் 16 அன்று ஒரு மைல் தூரத்தை 4 நிமிடம் 6.8 விநாடிகளில் ஓடி உலக சாதனை படைத்தார். அது நடந்த இடம், நான் சொல்லிவந்ததுபோல மேடிசன் ஸ்கொயர் கார்டன் அல்ல. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளித் திடல். அந்தச் சாதனை மூன்று ஆண்டுகள் நிலைத்தது. மேடிசன் ஸ்கொயர் கார்டனின் உள்ளரங்கில் அவர் ஓடிய 31 பந்தயங்களில் 21இல் வெற்றி பெற்றார். அந்த அரங்கின் பெயர் கதைக்குள் நுழைந்தது அதனால்தான் போலும்.

ஒவ்வொரு பந்தயத்திற்கு முன்பும் அவர் மற்ற வீரர்களைவிட மிக நீண்ட நேரம் உடலைச் சூடேற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. தழும்பேறிய கால்களில் இரத்த ஓட்டம் சரியாக இல்லை. பார்வையாளர்கள் கண்டது நான்கு நிமிட ஓட்டத்தை. அதற்குமுன் தனியே திடலைச் சுற்றிவந்த நேரம் பலர் கண்ணில் படவில்லை. தாயின் மடியில் தொடங்கியது முடிவடையவில்லை என்றே இதைப் புரிந்துகொள்கிறேன். அந்தக் கால்கள் ஒருபோதும் முழுமையாகக் குணமாகவில்லை. விரல்கள் முளைக்கவில்லை. யாப்போக்கு ஆற்றங்கரையில் யாக்கோபு ஆசீர்வாதம் பெற்றான், ஆனால் நொண்டியபடியே விடியலுக்குள் நடந்தான் என்பதை நாம் வாசித்திருக்கிறோமே.

பிறகு பெர்லின். 1936 ஆகஸ்ட் 6. 1500 மீட்டர் இறுதிப் போட்டி. அதற்கு முன்பு இருந்த உலக சாதனை 3 நிமிடம் 48.8 விநாடிகள். கன்னிங்காம் 3 நிமிடம் 48.4 விநாடிகளில் எல்லைக்கோட்டைக் கடந்தார். அதாவது, அந்த நாள்வரை உலகில் எந்த மனிதனும் ஓடியிராத வேகத்தில் ஓடினார். ஆனால் அவருக்கு முன்பாக நியூசிலாந்தின் ஜாக் லவ்லாக் 3 நிமிடம் 47.8 விநாடிகளில் ஓடி முடித்திருந்தார். வித்தியாசம் 0.6 விநாடி. தங்கம் லவ்லாக்கிற்கு, வெள்ளி கன்னிங்காமிற்கு. "தீக்காயம் பட்ட சிறுவன் ஒலிம்பிக் தங்கம் வென்றான்" என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அவர் தங்கம் வெல்லவே இல்லை. தன் வாழ்நாளின் மிகச் சிறந்த ஓட்டங்களில் ஒன்றை ஓடி, இரண்டாவதாக வந்தார். அதே மாதத்தில் ஸ்டாக்ஹோமில் 800 மீட்டரில் 1 நிமிடம் 49.7 விநாடிகள் என்ற உலக சாதனையையும் படைத்தார். 1940ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகள் உலகப்போரினால் நடைபெறவில்லை. அவர் அந்த ஆண்டோடு ஓய்வு பெற்றார்.

அவர் 1938இலேயே நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுவிட்டார். சிலகாலம் ஒரு கல்லூரியில் உடற்கல்வித் துறைக்குத் தலைமை தாங்கினார். போர்க்காலத்தில் கடற்படையில் பணியாற்றினார். வேறொருவராயிருந்தால் புகழின் வெயிலில் அமர்ந்து மிச்ச நாட்களைக் கழித்திருக்கலாம். கிளெனும் அவருடைய மனைவி ரூத்தும் கன்சாஸில் ஒரு பண்ணையை வைத்துக்கொண்டு, வழிதவறிய பிள்ளைகளையும் வீட்டாரால் கையாளமுடியாத பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். தங்களுக்கும் பெரிய குடும்பம் இருந்தது. பல ஆண்டுகளில் அந்த வீட்டு வழியாகக் கடந்துபோன பிள்ளைகள் பத்தாயிரம்பேர்வரை என்று எழுதுகிறார்கள். குதிரைகளும் பிற கால்நடைகளும் அங்கே இருந்தன. ஒரு விலங்கைப் பராமரிக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளை தன்னையும் பராமரிக்கக் கற்றுக்கொள்ளும் என்பது அவருடைய எண்ணம். ஊர் ஊராகச் சென்று சபைகளிலும் பள்ளிகளிலும் பேசினார். 1988 மார்ச் 10 அன்று ஆர்கன்சா மாநிலத்தில், தம் 78ஆம் வயதில் மரித்தார்.

எட்டு வயது நிரம்புமுன் ஒரு சகோதரனைப் பறிகொடுத்தவர், வளர்ந்தபின் மற்றவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தன் வீட்டில் இடம் வைத்தார். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். நீங்கள் எண்ணிப்பாருங்கள்.

இப்போது அந்தத் தாயாரின் கேள்விக்கு வருகிறேன். வேதபுஸ்தகத்தை எடுத்து அப்போஸ்தலருடைய நடபடிகள் பன்னிரண்டாம் அதிகாரத்தைத் திறந்துவையுங்கள். பேதுரு சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட அதிகாரம் என்றே நாம் அதைச் சொல்லிப் பழகியிருக்கிறோம். சங்கிலிகள் கழன்று விழுகின்றன, தேவதூதன் வழிகாட்டுகிறான், இரும்புக் கதவு தானாய்த் திறக்கிறது, ரோதை என்ற வேலைக்காரப் பெண் சந்தோஷ மிகுதியால் கதவைத் திறக்க மறந்து உள்ளே ஓடுகிறாள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நடித்துக்காட்ட இதைவிட நல்ல பகுதி கிடையாது. ஆனால் அதிகாரம் அங்கே தொடங்கவில்லை. இரண்டாம் வசனத்தில் ஏரோது ராஜா, யோவானுடைய சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தினால் கொலைசெய்கிறான்.

பேதுருவுக்காக அந்தச் சபை ஊக்கமாய் ஜெபித்தது. யாக்கோபுக்காக ஜெபிக்காமல் இருந்திருப்பார்களா? மூன்று ஆண்டுகள் ஆண்டவரோடு நடந்த பன்னிருவரில் ஒருவர், மறுரூப மலையில் நின்ற மூவரில் ஒருவர். அவருக்காக ஜெபித்தவர்களின் விசுவாசம் குறைவாயிருந்ததா? பேதுருவுக்காக ஜெபித்தவர்களும் அப்படியொன்றும் உறுதியானவர்கள் அல்லர். பேதுரு வந்து கதவைத் தட்டியபோது ரோதைக்குப் பித்துப்பிடித்திருக்கிறது என்றல்லவா சொன்னார்கள்! விசுவாசத்தின் எடையை நிறுத்து விடுதலை அளந்து கொடுக்கப்பட்டது என்று அந்த அதிகாரத்திலிருந்து யாராலும் காட்டமுடியாது. ஒரே சபை, ஒரே ராஜா. ஒருவர் வெளியே வந்தார். ஒருவர் வரவில்லை.

அந்த யாக்கோபுக்கும் ஒரு தாய் இருந்தாள். செபெதேயுவின் மனைவி. தன் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஆண்டவரிடம் வந்து, உம்முடைய ராஜ்யத்தில் ஒருவனை வலதுபக்கத்திலும் மற்றவனை இடதுபக்கத்திலும் உட்காரவையும் என்று கேட்டாளே, அவள்தான். நாம் அவளைப் பேராசைக்காரி என்று பிரசங்கித்துவிட்டுப் போகிறோம். அவள் இரண்டு பிள்ளைகளுக்காகவும் கேட்டாள். எந்தத் தாய்தான் ஒருவனுக்காக மட்டும் கேட்பாள்? மூத்தவன் பட்டயத்துக்கு முதலில் போனான். இளையவன் யோவானோ நெடுங்காலம் வாழ்ந்து முதிர்ந்தான் என்று சபைப் பாரம்பரியம் சொல்கிறது. தம்பி கிழவனாகி எழுதிய ஒவ்வொரு வரியும் அண்ணன் இல்லாத ஒரு வீட்டிலிருந்து எழுதப்பட்டது.

யாக்கோபின் மரணத்திற்கு லூக்கா கொடுத்தது ஒரு வசனம். பேதுருவின் விடுதலைக்குக் கொடுத்தது ஏறக்குறைய பதினைந்து. அந்த அளவு வித்தியாசம் என்னை வெகுநாள் உறுத்தியதுண்டு. இப்போது வேறுவிதமாகப் பார்க்கிறேன். அந்த ஒரு வசனத்தை லூக்கா விட்டுவிடவில்லை. பேதுருவின் அற்புதம் இன்னும் பிரகாசமாய்த் தெரியட்டும் என்று யாக்கோபை அவர் மறைத்துவைக்கவில்லை. பெயரைச் சொல்லி, யாருடைய சகோதரன் என்றும் சொல்லி, முன்னாலேயே வைத்துவிட்டார். நானோ ஃபிளாய்டுக்கு அந்த ஒரு வசனத்தைக்கூடக் கொடுக்கவில்லை.

சென்ற வாரம் அந்தத் தாயாரை அவர் வீட்டில் சந்தித்தேன். நான் வாசித்ததையெல்லாம் சொன்னேன். மருத்துவர், கால்கள், பிரின்ஸ்டன், பெர்லின் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பெர்லினில் இரண்டாவதாக வந்ததைச் சொன்னபோது மட்டும் லேசாகச் சிரித்தார். மூத்தவன் ஏன் போனான், இளையவன் ஏன் இருந்தான் என்பதற்கு என்னிடம் விடை இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அதற்கு அவர், "அது எனக்குத் தெரியும் ஐயா, நாப்பது வருஷமா தெரியும்" என்றார். சற்று நேரம் மௌனமாயிருந்தோம். சுவரில் அவருடைய மகனின் படம், பள்ளிச் சீருடையில்.

புறப்படுமுன் ஜெபிக்கலாமா என்று கேட்டேன். அவர் கண்களை மூடிக்கொள்ளுமுன், "அந்த மூத்த பிள்ளை பேரு என்ன சொன்னீங்க?" என்றார். சொன்னேன். வாய்க்குப் பழக்கமில்லாத அந்தப் பெயரை அவர் இரண்டு முறை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதன்பின் தலையைக் குனிந்தார்.